பதெங்கா கடற்கரைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வங்கதேசத்தின் சட்டோகிராம் (2018 வரை ஆங்கில எழுத்தில் சிட்டகாங்) நகரத்துக்கு வேலையாகவோ உறவினரைப் பார்க்கவோ போகும் தமிழர்கள் பதெங்காவைப் பற்றித் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகள் கீழே இருக்கின்றன. முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை. நாலாவது, ஐந்தாவது பதில்களை மட்டும் தாண்டிப் போக வேண்டாம். மற்றதெல்லாம் அவற்றை ஒட்டியே வருகிறது.

1. பதெங்கான்னா ஒரு பீச்சா, ஒரு ஊரா?

இரண்டும்தான். கர்ணபுலி ஆறு வங்கக் கடலில் சேரும் முனையில், நகர மையத்திலிருந்து சுமார் 14 கி.மீ. தெற்கே உள்ள பகுதி இது. ஷா அமானத் விமான நிலையம், கடற்படைத் தளம், ஈஸ்டர்ன் ரிஃபைனரி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணெய்க் கிடங்குகள், பழைய எஃகு ஆலை இருந்த இடத்தில் எழுந்த கர்ணபுலி ஏற்றுமதி மண்டலம் எல்லாம் இங்கேதான். கொஞ்சம் வடக்கே, நகரத்துக்குப் போகும் வழியில், 1983-ல் தொடங்கிய சட்டோகிராம் ஏற்றுமதி மண்டலம் இருக்கிறது. எல்லோரும் 'ஈபிஇசட்' என்றே சொல்வார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்க்கும் இடம், பெரும்பாலும் துணி ஆலைகள்.

கடற்கரை என்பது இந்த வேலைக்காரப் பகுதியின் மேற்கு விளிம்பு. உல்லாச விடுதி வரிசையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பகலெல்லாம் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்தவர்கள் மாலையில் காற்று வாங்க வரும் இடம் என்று நினைத்துப் போங்கள், மனசு நிறைந்து திரும்புவீர்கள்.

2. குளிக்கலாமா?

வேண்டாம். கணுக்கால் நனைக்கலாம், அதற்கு மேல் போகாதீர்கள். ஆற்று முகத்துவாரம் பக்கத்திலேயே இருப்பதால் கடல் மட்டம் இறங்கும்போது ஆற்று நீரும் சேர்ந்து வெளியே இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அந்த இழுப்பு பக்கவாட்டில் கொண்டுபோய்விடும். தண்ணீர் கலங்கல் என்பதால் அடியில் கிடக்கும் கான்கிரீட் கட்டையோ கல்லோ கண்ணுக்குத் தெரியாது. உள்ளூர்ப் பையன்கள் குதித்துக் கும்மாளம் போடுவதைப் பார்த்து இறங்கிவிடாதீர்கள். கடலில் ஆசை தீரக் குளிக்க வேண்டுமென்றால் சுமார் 150 கி.மீ. தெற்கே காக்ஸ் பஜார் இருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து அங்கே ரயிலும் ஓடுகிறது.

3. தண்ணி ஏன் இப்படி டீ மாதிரி இருக்கு? சாக்கடையா?

நிறத்துக்குக் காரணம் வண்டல். கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவோடு சேர்ந்து கொண்டுவரும் மண் இந்தக் கரை முழுக்கப் பரவுகிறது, கர்ணபுலியும் தன் பங்கைச் சேர்க்கிறது. மழைக்காலத்தில் இன்னும் அடர்த்தியாகும், ஜனவரியில் சற்றுத் தெளியும். ஆனால் பழுப்பு நிறம் வண்டல்தானே என்று தண்ணீர் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். துறைமுகமும் ஆலைகளும் அருகில்தான். காலில் வெட்டுக்காயம் இருந்தால் நனைக்காதீர்கள்.

4. போன தடவை போனேன், மணலே இல்ல, வெறும் கல்லுதான். படத்துல மணல் இருக்கே?

நீங்கள் போனது கடல் ஏறியிருந்த நேரம். பதெங்காவில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர்மட்டம் நாலு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். ஏறும்போது மணல் முழுக்க மூழ்கி, அலை நேராகக் கரையோரக் கான்கிரீட் தடுப்புக் கட்டைகளில் வந்து மோதும். இறங்கினால் அகலமான ஈர மணல் வெளிப்படும். வங்காளத்தில் ஏற்றத்துக்கு 'ஜோயார்', வற்றத்துக்கு 'பாட்டா'. டீக்கடையில் 'ஜோயார் கொகொன்?' (ஏற்றம் எப்போது?) என்று கேட்டால் போதும், சரியான மணியைச் சொல்வார்கள்.

கணக்கு சுலபம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று பிற்பகல் 3-க்கு ஏற்றம் என்றால் இரவு 9 மணிச் சுமாருக்கு முழு வற்றம், நாளை ஏற்றம் 4-க்கு சற்று முன். ஒரு வாரத்தில் எல்லாம் தலைகீழ்: இன்று சூரியன் மறையும்போது மணல் இல்லை என்றால் ஏழு நாள் கழித்து அதே நேரத்தில் மணல் இருக்கும். நடக்க வேண்டுமானால் ஏற்றம் முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போங்கள்.

கட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. குனிந்து பாருங்கள், மேலே உள்ளவை வெளிர்ச் சாம்பல் நிறத்தில் காய்ந்திருக்கும். ஓர் இடத்துக்குக் கீழே கோடு போட்ட மாதிரி கரும்பச்சை ஆரம்பிக்கும். அது பாசி, சோப்புத் தடவியது போல் வழுக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே கால் வைக்கவே கூடாது. இங்கே நடக்கும் காயங்கள் பெரும்பாலும் கட்டைகளின் இடுக்கில் கால் சிக்கித்தான். குதிகாலில் வார் உள்ள ரப்பர் செருப்புதான் சரி. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டை தாண்டாதீர்கள், இடுக்கில் விழுந்தால் எடுக்க முடியாது.

5. எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போறது நல்லது?

ஆலைகளின் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வார விடுமுறை வெள்ளி. வெள்ளி மதியத் தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, மூன்றரை மணிக்கு மேல் மொத்தப் பகுதியும் கடலைப் பார்த்துக் கிளம்பும். மாதத்தின் முதல் பத்து நாளில் சம்பளம் கைக்கு வந்தபின் வரும் வெள்ளிதான் உச்சம். புதுச் சல்வாரில் கூட்டாளிப் பெண்கள் ஐந்தாறு பேர், தோளில் குழந்தையோடு அப்பாக்கள், பலூன்காரர், குதிரைக்காரர் என்று கால் வைக்க இடம் இருக்காது. பதெங்காவைப் பார்ப்பதென்றால் அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் வெள்ளி மாலை போங்கள்.

கூட்டம் ஒத்துவராதவர்கள் ஞாயிறு முதல் வியாழன் வரை காலை 6-லிருந்து 8-க்குள் போகலாம், ஆனால் தின்பண்டக் கடைகள் பெரும்பாலும் திறந்திருக்காது. இந்தக் கரை மேற்குப் பார்த்தது, சூரியன் கடலில்தான் மறையும். டிசம்பரில் 5.15 சுமாருக்கு, ஜூனில் 6.40 சுமாருக்கு. உள்ளூர் நேரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட அரை மணி முன்னால் ஓடும், கணக்குப் பிசகாதீர்கள்.

6. சிட்டில இருந்து எப்படிப் போறது? எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்று வழி. ஒன்று, நகரப் பேருந்து. அக்ராபாத், டைகர் பாஸ் பக்கம் நின்றால் நடத்துநர் 'காட்கர், சீ-பீச்' என்று கூவுவார். கூட்டமும் புழுக்கமும் இருந்தாலும் மிக மலிவு. இரண்டு, பச்சை நிற ஆட்டோ. எரிவாயுவில் ஓடுவதால் அதற்குப் பெயரே 'சிஎன்ஜி'. மீட்டர் போட மாட்டார்கள், ஏறுவதற்கு முன் பேசிவிட வேண்டும். ஊபர், பதாவ் செயலிகளும் உண்டு. செயலியில் வண்டி எடுக்காவிட்டாலும் அதில் காட்டும் தொகையைப் பார்த்து வைத்துக்கொண்டால் ஆட்டோவிடம் பேச உதவும்.

மூன்று, காரில் லால்கான் பஜாரிலிருந்து பதெங்கா வரை போகும் மேம்பால விரைவுச்சாலை. 2024-ல் வண்டிகளுக்குத் திறந்தார்கள், சுங்கம் உண்டு. கீழே ஈபிஇசட் சந்திப்பு, சிமென்ட் கிராசிங் நெரிசலில் ஒன்றரை மணி நேரம் போகும். மேலே கால் மணி, இருபது நிமிடத்தில் முடியும். காலை 7 முதல் 8.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் ஆலை ஷிப்டு மாறுவதால் கீழ்ச்சாலை நகராது. வடக்கே ஃபௌஜ்தார்ஹாட் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் கடலோர வெளிவட்டச் சாலைதான் நல்லது. ஆனால் அதில் கண்டெய்னர் லாரிகள் வேகமாக வரும், குழந்தைகளோடு குறுக்கே கடக்கும்போது கவனம்.

7. எந்த மாசம் போகலாம்?

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. காற்று வறண்டு, கடல் அடங்கியிருக்கும். மார்ச்சில் புழுக்கம் தொடங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கனமழை. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் இரண்டும் புயல் காலம், அதற்குத் தனிக் கேள்வி கீழே வருகிறது. ரமலான் மாதத்தில் பகலில் கடைகள் மூடியிருக்கும், இஃப்தாருக்குப் பின் களைகட்டும். ஈத் பெருநாளை ஒட்டிய மூன்று நாள் கூட்டத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஒன்றுமில்லை.

8. நண்டு வறுவல் நல்லா இருக்கும்னாங்க. எப்படிப் பார்த்து வாங்கறது?

வண்டிக்கடைத் தட்டில் நண்டு, இறால், வவ்வால் மீன் ('ரூப்சாந்தா') எல்லாம் மஞ்சளும் மிளகாயும் பூசிச் செக்கச்செவேலென்று அடுக்கியிருக்கும். அந்தச் சிவப்பு பழசையும் மறைக்கும் என்பதால் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மசாலா பூசாத நண்டு இருக்கிறதா என்று கேளுங்கள், கால் அசைய வேண்டும். செத்த நண்டு என்றால் அடிப்பக்க ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினாலோ, அம்மோனியா வாடை அடித்தாலோ விட்டுவிடுங்கள். தூக்கிப் பார்த்தால் அளவுக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும், லேசாக இருந்தால் உள்ளே சதை இல்லை.

அடுத்து எண்ணெய். கறுத்து, ஓரத்தில் நுரை கட்டியிருந்தால் அது பல முறை காய்ந்தது. அடுத்த கடைக்குப் போங்கள், வரிசையில் நிறையக் கடைகள் உண்டு. விலை ஒரு நண்டுக்கா, ஒரு தட்டுக்கா என்பதை வாணலியில் போடும் முன் கேட்டு முடியுங்கள். முன்னமே வறுத்து வைத்ததைத் திருப்பிச் சூடாக்கித் தரும் பழக்கம் உண்டு, கண் முன்னால் புதிதாகப் போடச் சொல்லுங்கள். வயிறு லேசானவர்களுக்குப் பியாஜு போதும். பருப்பை அரைத்து வெங்காயமும் பச்சை மிளகாயும் பிசைந்து எண்ணெயில் கிள்ளிப் போடுவது, நம் பருப்பு வடைக்கு ஒன்றுவிட்ட தங்கை. கொதிக்கும் எண்ணெயிலிருந்து நேராகத் தட்டுக்கு வருவதால் பயமில்லை.

9. நாங்க சைவம். பட்டினிதானா?

இல்லை, ஆனால் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஃபுச்கா (பானிபூரி), சட்பட்டி இரண்டின் மேலும் அவித்த முட்டையைத் துருவித் தூவுவார்கள். 'டிம் சாடா' (முட்டை இல்லாமல்) என்று முன்பே சொல்லிவிடுங்கள். சிங்காராவில் (சமோசா மாதிரி) சில கடைகளில் ஈரல் வைப்பார்கள். பியாஜு, ஜால்முரி (காரப்பொரி), வேகவைத்த கடலை, இளநீர் ('டாப்') எல்லாம் தாராளமாக. ஃபுச்காவோடு வரும் புளித்தண்ணீர் காய்ச்சாத தண்ணீரில் கரைத்தது, புதிதாக வந்தவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. முழுச் சாப்பாட்டுக்கு நகரத்தில் 'நிராமிஷ்' என்று கேட்டால் சைவ உணவகம் காட்டுவார்கள், கரையோரத்தில் அதை நம்ப வேண்டாம்.

10. கேமராக்காரர், குதிரை, ஸ்பீட்போட்டு... எல்லாரும் சுத்திக்கறாங்க. ஏமாத்துவாங்களா?

பெரும்பாலும் நேர்மையானவர்கள். தகராறு வருவது எண்ணிக்கையில்தான். படம் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள், நீங்கள் பத்து என்று நினைப்பீர்கள், அவர் அறுபது எடுத்துவிட்டு அத்தனைக்கும் கேட்பார். 'நான் தேர்ந்தெடுக்கும் பத்துக்கு மட்டும் காசு' என்று விரல் காட்டிச் சொல்லிவிட்டு நில்லுங்கள். ஃபோனுக்கு மாற்றிய பிறகே பணம் கொடுங்கள். குதிரையில் 'ஒரு சுற்று' என்றால் எதுவரை என்று கையால் காட்டச் சொல்லுங்கள்.

ஸ்பீட்போட்டில் காப்பு உடை இல்லாமல் ஏறாதீர்கள். கொடுத்தாலும் கொக்கி மாட்டுகிறதா என்று பாருங்கள், பாதி உடைந்திருக்கும். கடல் ஏறும் நேரத்தில் குலுக்கல் அதிகம், முதுகுவலிக்காரர்கள் தவிர்க்கவும். சில்லறை டாக்காவாகவே (வங்கதேச நாணயம்) கொண்டுபோங்கள். உள்ளூரார் பிகாஷ் செயலியில் கொடுப்பார்கள், வெளிநாட்டு அட்டை வண்டிக்கடையில் செல்லாது.

11. வங்காளம் தெரியாது, சமாளிக்க முடியுமா?

முடியும். இந்தி பலருக்குப் புரியும். கரையில் நீங்கள் கேட்பது சட்காயா, சட்டோகிராமின் சொந்தப் பேச்சு. தலைநகர் டாக்காவைச் சேர்ந்தவருக்கே அது எளிதில் புரியாது, ஆகவே கூச்சப்பட வேண்டாம். 'கொத்தோ?' (எவ்வளவு), 'லாக்பே நா' (வேண்டாம்), 'ஜால் கொம்' (காரம் குறைவாக) மூன்றும் தெரிந்தால் ஒரு மாலை ஓடிவிடும்.

ஆட்டோக்காரரையும் டீக்கடைக்காரரையும் 'மாமா' என்றே கூப்பிடுவார்கள். தாய்மாமன் என்ற அதே பொருள்தான், நம் வாயில் இயல்பாக வரும். பெண்களை 'ஆபா' (அக்கா) என்று அழைக்கலாம். தமிழ்நாடு என்றால் தெரியாதவர்களுக்கும் சென்னை, வேலூர் தெரியும். அங்கே சிகிச்சைக்கு வந்துபோன ஆள் பல குடும்பங்களில் உண்டு. அந்தப் பெயரைச் சொன்னால் டீ கைக்கு வரும் முன்பே பேச்சு தொடங்கிவிடும்.

12. நான் தனியாப் போற பொண்ணு. போகலாமா? என்ன டிரஸ்?

போகலாம். மாலையில் கரையில் பாதிப் பேர் பெண்கள், அதிலும் ஆலைத் தொழிலாளிகள் கூட்டமாகவே வருவார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் நல்ல துணை. சல்வார் கமீஸ், துப்பட்டா போதும், தலையை மூட வேண்டியதில்லை. உற்றுப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். தொந்தரவு செய்தால் சுற்றுலாக் காவலர்களிடம் சொல்லுங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை.

இருட்டிய பிறகு விளக்கு உள்ள நடைபாதையை விட்டு வடக்கே வெளிவட்டச் சாலைப் பக்கம் நடக்க வேண்டாம். திரும்புவதற்கு வண்டியை முன்னமே பேசி வையுங்கள், வெள்ளி இரவு 8-க்கு மேல் ஆட்டோ கிடைப்பது பெரும்பாடு. கழிப்பறை கட்டணத்துக்கு உண்டு, எண்ணிக்கை குறைவு, கூட்ட நாளில் தண்ணீர் தீர்ந்துவிடும்.

13. 'நேவல்'ங்கறாங்களே, அது பீச்சேதானா?

வேறு இடம். விமான நிலையத்துக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் பக்கத்தில், கர்ணபுலி ஆற்றங்கரையை ஒட்டிய சாலைதான் 'நேவல்'. அலை கிடையாது, ஆறும் கப்பலும் காற்றும்தான். பியாஜுவுக்கும் நண்டுக்கும் பெயர் வாங்கியது உண்மையில் இந்த இடம். வயதானவர்களோடு போனால் கட்டைகள் ஏறி இறங்க வேண்டியிராத நேவலே வசதி. மாலை கடற்கரையில் சூரியனைப் பார்த்துவிட்டு இருட்டியதும் இங்கே வந்து சாப்பிடுவது உள்ளூர் வழக்கம்.

14. போட்டோ எடுத்தா பிரச்சினை வருமா?

கடல், ஆட்கள் (கேட்டுவிட்டு), தூரத்துக் கப்பல்கள்: தாராளமாக. கடற்படை வாயில், காவல் கோபுரம், எண்ணெய்க் கிடங்கு, விமான நிலைய வேலி: கூடவே கூடாது. நேவலில் இது இன்னும் கண்டிப்பு, கேமராவை ஆற்றுப் பக்கம் மட்டும் திருப்புங்கள். டிரோன் கொண்டுபோகவே வேண்டாம், ஓடுபாதை அருகிலேயே இருக்கிறது.

15. கடல்ல அத்தனை கப்பல் ஏன் சும்மா நிக்குது?

அவை வெளி நங்கூரத்தில் காத்திருப்பவை. துறைமுகம் ஆற்றுக்குள்ளே இருக்கிறது. சுமார் 10 மீட்டருக்கு மேல் நீரில் அமிழும் கப்பலோ, 200 மீட்டருக்கு மேல் நீளமானதோ படித்துறைக்கு வர முடியாது. பெரிய கப்பல்கள் கோதுமை, கிளிங்கர் (சிமென்ட் மூலப்பொருள்), நிலக்கரியை அங்கேயே சிறு கப்பல்களுக்கு இறக்கிவிடும். உள்ளே வரக்கூடியவையும் கடல் ஏறும் நேரத்தில்தான் வழிகாட்டி மாலுமியோடு வரும்.

ஆகவே நாலாவது பதிலில் சொன்ன கணக்கு இங்கே எதிர்மாறாக உதவும்: மணல் வேண்டுமென்றால் வற்றம், கப்பல் வேண்டுமென்றால் ஏற்றம். ஏற்றத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு முகத்துவாரப் பக்கம் நின்றால் கண்டெய்னர் அடுக்கிய கப்பல் ஒவ்வொன்றாக உள்ளே நுழைவது தெரியும்.

16. சுரங்கப்பாதை வழியா நடந்தே அந்தக் கரைக்குப் போயிடலாமா?

நடக்க முடியாது. கர்ணபுலிக்கு அடியில் 3.32 கி.மீ. நீளத்துக்கு ஓடும் இந்தப் பாதை 2023 அக்டோபர் 28-ல் திறக்கப்பட்டது. நடப்பவர், மோட்டார் சைக்கிள், ஆட்டோ எதற்கும் அனுமதி இல்லை. திறந்தபோது காருக்கு 200 டாக்கா சுங்கம் வைத்தார்கள். கார் இருந்தால் ஆனோவாரா பக்கம் போய்ச் சவுக்குத் தோப்புள்ள பார்க்கி கடற்கரையைப் பார்த்துவிட்டு வரலாம். கார் இல்லையென்றால் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 15-ஆம் எண் படித்துறையில் படகு உண்டு. மழைக்காலத்திலும் இருட்டிய பிறகும் அந்தப் படகு வேண்டாம்.

17. 'சிக்னல் 3'ன்னு நியூஸ்ல சொன்னாங்க. போகலாமா, வேண்டாமா?

வங்கதேசத் துறைமுக எச்சரிக்கை எண்கள் 1 முதல் 11 வரை. 1, 2 தூரத்து எச்சரிக்கை. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. மழைக்காலத்தில் 3 அடிக்கடி வரும். அப்போது நடைபாதையில் நின்று பார்க்கலாம், கட்டைகளில் இறங்கக் கூடாது, படகு கூடவே கூடாது. 4 வந்தால் பதெங்கா பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அதற்கு மேல் என்றால் அதிகாரிகள் சொல்லும் புகலிடத்துக்குப் போவதுதான் வேலை.

'இங்கே எதற்கு இவ்வளவு உயரமான கரை?' என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 1991 ஏப்ரல் 29 இரவு இந்தக் கரையில் ஏறிய புயல் ஆறு மீட்டர் அளவுக்கு நீரைத் தள்ளியது. நாடு முழுக்கச் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். டீக்கடையில் இருக்கும் நரைத்த தலைகள் பலருக்கு அந்த இரவில் போன ஆட்கள் உண்டு. ஆகவே கரையில் ஒருவர் 'கிளம்புங்க' என்று சொன்னால் காரணம் கேட்காமல் கிளம்புங்கள்.

18. தசரா சமயத்துல போறோம். ஏதாவது விசேஷம் உண்டா?

பெரிய விசேஷம். விஜயதசமி அன்று நகரத்தின் துர்கா சிலைகள் பெரும்பாலும் பதெங்காவில்தான் கரைக்கப்படுகின்றன. பிற்பகலிலிருந்து லாரி லாரியாகச் சிலைகள் வரும். 'டாக்' என்னும் பெரிய மேளம் தோளில் தொங்க, இறகு கட்டிய மேளத்தைச் சுழன்று சுழன்று அடிப்பார்கள். சிவப்புக்கரைப் புடவைப் பெண்கள் ஒருவருக்கொருவர் குங்குமம் பூசுவார்கள். இந்தக் கரையில் ஜலதாஸ் என்னும் மீனவ இந்துக் குடியிருப்புகள் தலைமுறைகளாக உண்டு. வாகனங்களை முன்னமே நிறுத்திவிடுவதால் மதியத்துக்குள் போய்ச் சேருங்கள், கடைசி ஒன்றிரண்டு கி.மீ. நடக்கத் தயாராக இருங்கள்.

19. கருவாடு வாங்கணும். பீச்லயே வாங்கலாமா?

பதெங்காவின் 'பர்மியக் கடை'களில் புளி, இலந்தை ஊறுகாய், செருப்பு, சிப்பி மாலை கிடைக்கும். ஊறுகாய் நன்றாக இருக்கும், தேதி பார்த்து வாங்குங்கள். பவளம், பெரிய சங்கு வகைகளை வாங்காதீர்கள், இந்திய வனவிலங்குச் சட்டத்தில் பல வகைகளுக்குத் தடை உண்டு, சுங்கத்தில் மாட்டும்.

கருவாட்டுக்கு ('ஷுட்கி') நகரத்தின் ஆசாத்கஞ்ச் மொத்தச் சந்தைதான் சரியான இடம். 'சூரி' என்பது நம் வாளைமீன் கருவாடு. முறித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது, பயணத்தில் பூஞ்சை பிடிக்கும். ஈ மொய்க்காத கருவாட்டைச் சந்தேகப்படுங்கள், பூச்சிமருந்து தெளித்திருக்கலாம். மூன்று அடுக்கு பாலிதீனில் இறுக்கிக் கட்டி, சரக்குப் பெட்டியில் மட்டும் வையுங்கள். கொண்டுபோக அனுமதி உண்டா என்பதை விமான நிறுவனத்திடமும் உங்கள் நாட்டுச் சுங்கத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

20. ஃப்ளைட்டுக்கு அஞ்சு மணி நேரம் இருக்கு, பெட்டியோட பதெங்கா பார்த்துட்டுப் போயிடலாமா?

முடியும். விமான நிலையத்திலிருந்து கரை சில கி.மீ.தான், நகரத்துக்குத் திரும்புவதைவிட இது சுலபம். வெளிநாட்டிலிருந்து வந்து விமானம் மாறுகிறவராக இருந்தால் மட்டும் வெளியே வர விசா வேண்டும்.

பெட்டியோடு கட்டைகளில் ஏற முடியாது, காரை வாடகைக்கு எடுத்து ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். வெள்ளி மாலை என்றால் வேண்டாம், அந்தச் சில கி.மீ.க்கே ஒரு மணி நேரம் ஆகலாம். அன்றைக்கு நேவலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு தட்டு பியாஜு, கெட்டிப் பால் ஊற்றிய ஒரு டீ, ஆற்றில் நுழையும் ஒரு கப்பல். முக்கால் மணி நேரம் போதும், பெட்டியை இறக்கவே வேண்டாம்.